படித்து எறிவதும் பத்திரப்படுத்துவதும்

2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி, ஜப்பானின் வடகிழக்குக் கரையைப் பூகம்பமும் அதைத் தொடர்ந்து எழுந்த ஆழிப்பேரலையும் சின்னாபின்னமாக்கிய பிறகு, சாலைகள் அறுபட்டுச் சரக்கு வண்டிகள் ஓடாமல் நின்ற அந்த வாரங்களில், செண்டாய் நகரத்துச் சிறு புத்தகக் கடை ஒன்றில் நடந்த சம்பவத்தை அந்நாட்டார் இன்றும் அபிமானத்தோடு நினைவுகூர்கிறார்கள். புதிய பிரசுரம் எதுவும் வந்து சேராத அந்தக் கடைக்கு, பக்கத்து மாகாணமான யாமகத்தாவுக்குப் போய் வந்த வாடிக்கையாளர் ஒருவர், அங்கே தாம் வாங்கிய 'வீக்லி ஷோனென் ஜம்ப்' என்னும் சித்திரக்கதை வார இதழின் ஒரே ஒரு பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார். இந்த வாரத்து ஜம்ப் ஒரு பிரதி இருக்கிறது, வந்து படிக்கலாம் என்று கடைக்காரர் எழுதி ஒட்டியதும், நூறு குழந்தைகளுக்கு மேல் வந்து, ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் காத்திருந்து, ஏடுகள் நைந்து ஓரம் சுருளும் வரையில் அதைப் படித்துச் சென்றார்கள். அதே மார்ச் மாதத்தில், பத்திரிகையை வெளியிடும் ஷூயிஷா ஸ்தாபனம், பல ஊர்களுக்குப் போய்ச் சேர முடியாத இதழை இணையத்தில் எவரும் காசில்லாமல் படிக்கும்படி திறந்து வைத்தது.

ஒரு பிரதியை நூறு பேர் கைமாற்றிப் படித்ததும், எண்ணற்றோர் பிரதியே இல்லாமல் படித்ததும், ஒரே மாதத்தில் ஒரே பத்திரிகைக்கு நேர்ந்தன. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் இரண்டாவது முறை முதல் முறையைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டது. விழுங்கியது நன்மையா தீமையா என்று கேட்டால், பெரும்பாலும் நன்மையே என்பதுதான் என் அபிப்பிராயம். ஆனால், அப்படி விழுங்கப்பட்டவற்றுள் ஒன்று மட்டும் மீட்கப்பட வேண்டியது. அது எது என்று சொல்வதற்கு முன்னால், கடதாசிக் காலத்தில் அந்த வியாபாரம் எவ்வாறு நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மங்கா என்று உலகம் இன்று அழைக்கும் ஜப்பானியச் சித்திரக்கதை, போருக்குப் பிந்திய தரித்திரத்தில் தழைத்த கலை. 1947இல் ஒஸாகாவின் மலிவுப் பதிப்பாளர் ஒருவர் வெளியிட்ட 'ஷின் தகராஜிமா' என்ற புத்தகத்தின் வாயிலாகத் தெசுகா ஒசாமு என்ற வாலிபர் புகழ் பெற்றதும், விலைக்கு வாங்க வகையற்ற ஜனங்களுக்காக வாடகைப் புத்தகக் கடைகள் தெருத்தெருவாக முளைத்ததும், பிறகு 1959 மார்ச் 17ஆம் தேதி கோடன்ஷாவின் 'ஷோனென் மகஸின்', ஷோகக்குகனின் 'ஷோனென் சண்டே' என்ற இரு வார இதழ்களும் ஒரே நாளில் போட்டியாகப் பிறந்ததும் அந்தச் சரித்திரத்தின் முற்பகுதி. 1968இல் தாமதமாக வந்து சேர்ந்த ஷூயிஷாவின் ஜம்ப், அவ்விரண்டையும் முந்திக்கொண்டு, 1994ஆம் ஆண்டு முடிவில் வாரத்துக்கு 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதிகள் அச்சாகும் நிலையை எட்டியது. இந்தத் தொகையை எந்தச் சித்திரக்கதை இதழும் அதற்கு முன்னும் பின்னும் தொட்டதில்லை.

அந்த இதழைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பழைய கடதாசியை அரைத்துச் செய்த முரட்டுத் தாள், அதன் சாம்பல் நிறத்தை மறைப்பதற்காக வெளிர் ரோஜா, வெளிர் பச்சை, மஞ்சள் என்று பக்கத்துக்குப் பக்கம் பூசப்பட்ட சாயம், விரலில் ஒட்டும் மை, சுமார் 500 பக்கம். திங்கட்கிழமை காலையில் ரயில் நிலையத்திலே வாங்கி, வேலைக்குப் போகும் வழியில் படித்து, இறங்கும்போது தலைக்கு மேலுள்ள சாமான் பலகையிலே விட்டுப் போவதற்கென்றே செய்யப்பட்ட சரக்கு அது. ஒவ்வோர் இதழிலும் ஓர் அஞ்சலட்டை இணைக்கப்பட்டிருக்கும். தமக்குப் பிடித்த மூன்று கதைகளை வாசகர் அதில் குறித்து அனுப்புவார்கள். கடைசி ஸ்தானங்களில் தொடர்ந்து தேங்கும் கதை, எத்தனை பிரயாசையோடு வரையப்பட்டதாயினும், சில மாதங்களில் முடித்து வைக்கப்படும். தயவு தாட்சணியமற்ற அந்தச் சம்பிரதாயத்தைப் பற்றி ஓவியர்கள் சொல்லிச் சலித்த கதைகள் அநேகம்.

இப்படிப் பிழைத்து நின்ற கதை, 200 பக்கம் கொண்ட தனித் தொகுதியாக, நல்ல வெள்ளைத் தாளில், மேலட்டையோடு மறுபடியும் அச்சாகும். 'தாங்கோபோன்' என்று அவர்கள் சொல்லும் இந்தத் தொகுதிதான் ஓவியருக்கு உண்மையான ஜீவனம்; பத்திரிகை பக்கத்துக்கு இவ்வளவு என்று தரும் சன்மானம் உதவியாளர் சம்பளத்துக்கே சரியாகிவிட, விலையில் பத்தில் ஒரு பங்காகக் கிடைக்கும் ராயல்டியைக் கொண்டே அவர் வீடு கட்டினார் என்றால் மிகையில்லை. வாசகருக்கும் அப்படியே. பத்திரிகை எறிவதற்கு, தொகுதி வைத்துக்கொள்வதற்கு. ஒன்று வாரத்தின் ஆவலைத் தீர்த்தது. மற்றொன்று அலமாரியிலே அமர்ந்து, தந்தை படித்ததை மகள் எடுத்துப் படிக்கும்படி இருந்தது. மங்கா என்னும் மாளிகையைத் தாங்கியவை இந்த இரண்டு தூண்கள்தாம் என்று நான் நினைக்கிறேன். இன்று நடந்திருப்பதைச் சரியாக அளக்க வேண்டுமானால், இரண்டையும் வெவ்வேறாகப் பார்க்க வேண்டும்.

முதல் தூண் சாய்ந்தது என்பதில் விவாதமில்லை. ஜம்ப் 2017இல் 20 லட்சத்துக்குக் கீழே இறங்கியது. இன்று அதன் அச்சு, உச்ச காலத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். கைபேசி வந்த பிறகு ரயிலில் கடதாசியை விரிப்பவர் அருகிவிட்டார்கள். ஆயினும் மங்கா சாகவில்லை. மாறாக, முன் எப்போதும் இல்லாத செல்வத்தை அடைந்திருக்கிறது. ஜப்பானியப் பதிப்புத் துறையின் ஆய்வு நிறுவனம் வெளியிடும் கணக்கின்படி, 2019இல் மின்மங்காவின் விற்பனை 25,930 கோடி யெனை எட்டி, அச்சு மங்காவின் 23,870 கோடியை முதன்முறையாகத் தாண்டியது. அடுத்த ஆண்டு, தொற்றுநோய் ஊரை வீட்டுக்குள் அடைத்து வைத்தபோது, இரண்டும் சேர்ந்த மொத்தம் 61,260 கோடியாகி, 1995இன் பழைய உச்சமான 58,640 கோடியைப் பின்னுக்குத் தள்ளியது. 2024இல் மொத்தம் 70,430 கோடி. அதில் 51,220 கோடி திரையில் படித்தவர் தந்தது. பதிப்புத் துறை பிரலாபிக்கிற இக்காலத்தில், ஒரு தேசத்தின் சித்திரக்கதை மட்டும் இப்படிச் செழிப்பது வியக்கத்தக்க செய்தி.

இந்தச் செழிப்பைக் கொண்டுவந்தவற்றுள் முதன்மையான யுக்தி, கொரியாவிலிருந்து வந்தது. 2016 ஏப்ரலில் அந்நாட்டுக் காக்காவோ நிறுவனத்தின் ஜப்பானியக் கிளை தொடங்கிய 'பிக்கோமா' என்ற செயலி, தொகுதி தொகுதியாக விற்பதை விட்டு, கதையை அத்தியாயம் அத்தியாயமாக நறுக்கிவைத்து, ஓர் அத்தியாயத்தைப் படித்தவர் ஏறக்குறைய ஒரு நாள் பொறுத்திருந்தால் அடுத்தது இலவசம், பொறுக்க மாட்டாதவர் சில்லறைக் காசு கொடுத்து உடனே படிக்கலாம் என்று ஏற்பாடு செய்தது. கேட்பதற்கு அற்பமான தந்திரம். ஆனால் ஜனங்களின் சுபாவத்தை அளந்து செய்த தந்திரம். இரவு பதினோரு மணிக்கு, கதாநாயகன் குன்றின் விளிம்பில் தொங்கும் கட்டத்தில், நாளை வரைக்கும் காத்திருப்பதா அல்லது ஒரு கோப்பைத் தேநீரின் விலையிலும் குறைந்த தொகையைச் செலவிடுவதா என்ற கேள்வியை லட்சக்கணக்கானவர்களிடம் நாள்தோறும் கேட்டால், அவர்களில் ஒரு சிறு பங்கினர் இடும் காசே பெருநிதியாகிவிடும். 2013இலேயே தொடங்கிய 'லைன் மங்கா' முதலான மற்றச் செயலிகளும் இந்த வழியைக் கைக்கொண்டன. இருபது ஆண்டு, முப்பது ஆண்டுக்கு முன் முடிந்துபோன பழங்கதைகள், கடையின் பின்னறையில் தூசி படிந்து கிடந்தவை, இந்த ஏற்பாட்டால் மறுபடியும் புது வாசகரைப் பெற்று, வயது முதிர்ந்த ஓவியர்களுக்கு எதிர்பாராத வருமானத்தைக் கொடுத்தன. இது உபகாரம், இதை மறுப்பது அநியாயம்.

புதியவர்களுக்கு நேர்ந்த உபகாரம் இதனினும் பெரிது. ஷூயிஷா 2014 செப்டம்பரில் 'ஷோனென் ஜம்ப் பிளஸ்' என்ற செயலியைத் தொடங்கியபோது, பத்திரிகையில் இடம் கிடைக்காதவர்களின் புகலிடம் என்றே பலர் அதை நினைத்தார்கள். ஆனால் 500 பக்கத்துக்குள் இருபது கதைகளை அடக்க வேண்டும், ஒவ்வொன்றும் வாரந்தோறும் பத்தொன்பது பக்கம் வர வேண்டும் என்ற நிர்ப்பந்தங்கள் அங்கே இல்லை. எந்தோ தத்சுயாவின் 'ஸ்பை ஃபேமிலி' 2019 மார்ச்சில் அங்கே ஆரம்பித்து, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை என்ற நிதானமான நடையிலேயே, மின்பிரதிகளையும் சேர்த்து 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் பரவியது. மத்சுமோத்தோ நவோயாவின் 'கைஜூ நம்பர் 8' 2020இல் வந்தது. ஃபுஜிமோத்தோ தத்சுகி 2021 ஜூலையில் 'லுக் பேக்' என்ற கதையை, 140 பக்கங்களுக்கு மேற்பட்டதை, ஒரே மூச்சில் ஒரே நாளில் வெளியிட்டார். அச்சுப் பத்திரிகையில் அத்தனை பக்கங்களை ஒரு தனிக்கதைக்கு ஒதுக்க எந்த ஆசிரியரும் துணிந்திருக்க மாட்டார்.

பதிப்பாளரின் வாசற்படியையே மிதிக்காமல் மேலே வந்தவர்களும் உண்டு. 'ஒன்' என்ற புனைபெயர் கொண்ட இளைஞர் 2009இல் 'ஒன் பஞ்ச் மேன்' என்ற கதையை இணையத்தில் எவரும் பதிவேற்றக்கூடிய ஓரிடத்தில் வரைய ஆரம்பித்தபோது, அவருடைய சித்திரத் திறமை, உண்மையைச் சொன்னால், ஒரு பள்ளி மாணவனின் நோட்டுப் புத்தகத்துக்கே உரியதாக இருந்தது. எந்த ஆசிரியரின் மேசைக்குப் போயிருந்தாலும் முதல் பக்கத்திலேயே திரும்பி வந்திருக்கும். கதையின் ஹாஸ்யமும் கற்பனையும் வாசகரைக் கட்டிப்போட, கைதேர்ந்த ஓவியரான முராத்தா யூசுகே அதைக் கண்டு, தாமே மறுபடி வரைய முன்வந்தார். 2012இல் ஷூயிஷாவின் மற்றோர் இணைய வெளியீட்டில் அந்த மறுபிறப்பு நிகழ்ந்தது. அஞ்சலட்டையின் தீர்ப்பைவிட இந்தத் தீர்ப்பு தாராளமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இதற்கும் ஒரு கொடுமை இல்லாமல் இல்லை: அஞ்சலட்டையை வாசகர் தாமே எழுதி அனுப்பினார், இன்றோ, அவர் எந்தப் பக்கத்தில் நின்றார், எந்த அத்தியாயத்தோடு விலகினார் என்பதெல்லாம் அவர் அறியாமலே எண்ணப்படுகின்றன.

திரை மாறியதால் கலையும் சற்று மாறியது. கடதாசி மங்காவில் இரண்டு பக்கம் எதிரெதிரே விரியும். வலப்புறம் தொடங்கி இடப்புறம் முடியும் அந்த விரிவின் கடைசிக் கட்டத்தில் கதாபாத்திரம் எதையோ கண்டு திடுக்கிட, ஏட்டைப் புரட்டியதும் அந்த எதுவோ இரண்டு பக்கமும் நிறைந்து எழும். இதைக் கணக்கிட்டுப் பக்கங்களை அமைப்பது மங்கா கலைஞனின் அடிப்படை வித்தை. அதைக் கற்றுக்கொள்ளவே பல ஆண்டுகள் ஆகும் என்பார்கள். உள்ளங்கை அளவுள்ள கைபேசியிலே ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் தெரியும். இரு பக்கச் சித்திரம் நடுவே துண்டாகும் அல்லது சுருங்கிப்போகும். கொரியர் கண்டுபிடித்த, மேலிருந்து கீழே ஓயாமல் ஓடும் வர்ணச் சித்திரக்கதையில் பக்கம் என்பதே கிடையாது. 2024இல் ஷூயிஷாவே அந்த வகைக்கென்று 'ஜம்ப் டூன்' என்ற தனிச் செயலியைத் தொடங்கியது. இதற்காக அழுபவர்களோடு சேர்ந்து நானும் அழ மாட்டேன். கலை புது இடத்தில் புது வித்தையைக் கண்டுகொள்ளும். ஆனால் பக்கத்துக்கென்று வரைந்த பழைய சிருஷ்டிகளைப் பக்கமாகவே காட்டும் வசதி எங்கேனும் நிலைத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மங்காவை ஜப்பானுக்கு வெளியே பரப்பியவர்கள் நெடுங்காலம் திருட்டு மொழிபெயர்ப்பாளர்களே. இதழ் ஸ்கேன் செய்யப்பட்டு, ஆர்வலர்களால் மொழிபெயர்க்கப்பட்டு, சில நாட்களில் உலகெங்கும் உலவியது. ஷூயிஷா 2019 ஜனவரியில் 'மங்கா பிளஸ்' என்ற செயலியை ஜப்பான், சீனா, தென்கொரியா நீங்கலாக உலகத்துக்கெல்லாம் திறந்து, ஜப்பானில் வெளியாகும் அதே கணத்தில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் வெளியிட்டு, முதல் மூன்று அத்தியாயங்களையும் கடைசி மூன்றையும் இலவசமாக்கியது. ஜப்பானில் திங்கட்கிழமை பிறக்கும் நள்ளிரவு நமக்கு ஞாயிறு இரவு எட்டரை மணி. ஆகவே 'ஒன் பீஸ்' கதையின் புதிய அத்தியாயத்தை டோக்கியோ மாணவனும் மதுரை மாணவனும் இன்று ஒருசேரப் படிக்கிறார்கள். முன்னவனுக்கு அது தாய்மொழியில், பின்னவனுக்கு ஆங்கிலத்தில். தாய், இந்தோனேசியம், வியட்நாம் மொழிகள் வரை அந்தச் செயலியில் ஏறிவிட்டன. இந்திய மொழி ஒன்றும் இதுவரை இல்லை. அதற்கு டோக்கியோவை மட்டும் குறைகூறுவதற்கில்லை.

திருட்டை ஒடுக்கியதில் நீதிமன்றத்தின் பங்கும் இருக்கிறது. 2016இல் தோன்றி 2018 ஏப்ரலில் மறைந்த 'மங்காமுரா' என்ற திருட்டுத்தளத்தின் நடத்துநர் பிலிப்பைன்ஸில் பிடிபட்டு, 2021இல் ஃபுகுவோகா நீதிமன்றத்தில் மூன்றாண்டு சிறைத் தண்டனை பெற்றார்; 2024இல் டோக்கியோ நீதிமன்றம், வழக்குத் தொடுத்த மூன்று பதிப்பகங்களுக்கு 170 கோடி யெனுக்கு மேல் நஷ்டஈடு தரும்படி அவருக்கு உத்தரவிட்டது. அந்தத் தளத்தால் 32,000 கோடி யென் அளவுக்கு நஷ்டம் என்று உரிமையாளர் தரப்பு போட்ட கணக்கை நான் முழுதும் நம்புவதில்லை. இலவசமாகப் படித்தவரெல்லாம் விலை கொடுத்திருப்பார் என்பது வியாபாரியின் ஆசை. எனினும் தளம் மூடிய பின்னர் நேர்மையான செயலிகளின் வருமானம் ஏறியது கண்கூடு.

இவ்வளவும் முதல் தூணைப் பற்றியவை. வாராந்தர ஆவலைத் தீர்ப்பதில், புதியவரைக் கண்டெடுப்பதில், கடல் கடந்து செல்வதில் மின்தளங்கள் கடதாசியைவிடச் சிறந்த சாதனங்கள் என்று நான் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். என் வழக்கு இரண்டாவது தூணைப் பற்றியது. தொகுதியை விற்கும் இடத்திலும் இன்று அதே தளங்கள்தாம் அமர்ந்திருக்கின்றன. ஆனால் அங்கே காசு கொடுப்பவர் பெறுவது உடைமை அல்ல. வாடகைக்குக் குடியிருப்பவர், வீட்டுக்காரர் சாவியைத் திருப்பிக் கேட்கும் நாளில் பாத்திரம் பண்டத்தோடு வெளியேறலாம். மின்தொகுதி வாங்கியவருக்கு எடுத்துப்போகப் பாத்திரமும் இல்லை.

இது வெறும் ஊகம் என்று சொல்பவர்களுக்கு 'ஜெ-மங்கா'வின் கதையைச் சொல்ல வேண்டும். 2011இல், ஜப்பானின் 30க்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் கூடி, வெளிநாட்டு வாசகருக்கு ஆங்கிலத்தில் மங்காவை நேர்மையாக விற்பதற்கென்று தொடங்கிய தளம் அது. தேசத்தின் பெரிய பதிப்பகங்களே சேர்ந்து நடத்தியதால், நம்பிக்கைக்கு அதைவிட வேறு உத்தரவாதம் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். புத்தகங்கள் தளத்திலேயே இருக்கும். வாங்கியவர் அங்கே போய்ப் படிக்க வேண்டும். இறக்கி வைத்துக்கொள்ள வழியில்லை. 2013 மார்ச்சில் அறிவிப்பு வந்தது; மே மாத முடிவோடு தளம் மூடியது; வாங்கியவர்களின் புத்தகங்களும் அன்றோடு போயின. திருட்டுப் பிரதியை இறக்கி வைத்திருந்தவன் கையில் கதை இருந்தது. நேர்மையாக விலை கொடுத்தவன் கையில் ஒன்றும் இல்லை. இந்த ஒரு விபரீதத்தை எண்ணிப் பார்த்தாலே, திருட்டை ஒழிக்க வேண்டும் என்று உபதேசிப்பவர்கள் முதலில் எதைச் சீர்செய்ய வேண்டும் என்பது விளங்கும்.

மூடும் கடையெல்லாம் இப்படியே நடந்துகொள்ள வேண்டும் என்ற விதி ஒன்றும் இல்லை. மளிகைக் கடைத் தொடர் நடத்தும் லாசன் நிறுவனம், 2014இல் தன் மின்புத்தகக் கடையை மூடியபோது, வாங்கியவர்கள் செலவிட்ட தொகைக்கு ஈடான புள்ளிகளைத் திருப்பிக் கொடுத்தது. அந்தப் புள்ளிகளுக்கு அவர்கள் அரிசி உருண்டையோ சோப்போ வாங்கிக்கொண்டிருக்கலாம். யாஹூ ஜப்பானின் மின்புத்தகக் கடை 2019இல் 'இபுக் ஜப்பான்' என்ற கடையோடு இணைந்தபோது, வாசகரின் புத்தகங்களும் புதிய இடத்துக்குக் கொண்டு சேர்க்கப்பட்டன. ஆக, மனம் உண்டானால் மார்க்கம் உண்டு. ஆனால் மனம் உண்டாகுமா என்பதை மூடும் நாள் வரை வாசகர் அறிய முடியாது.

ஓவியர்களின் தரப்பிலும் இதே ஆபத்து. அகாமத்சு கென் என்ற புகழ்பெற்ற ஓவியர், அச்சில் இல்லாமற்போன மங்காக்களைச் சேகரித்து இலவசமாகப் படிக்க வைத்து, விளம்பர வருமானத்தை ஓவியர்களுக்கே அளிக்கும் நோக்கத்தோடு 2010இல் 'ஜெ-கோமி' என்ற தளத்தைத் தொடங்கினார். முதலில் வைத்தது தம்முடைய 'லவ் ஹினா'வின் பதினான்கு தொகுதிகளையே. பதிப்பகம் கைவிட்ட சிருஷ்டிகளுக்குக் கதி காட்டிய அந்த முயற்சியைப் போல் நிஷ்களங்கமான ஒன்றை இந்த வியாபார உலகில் நான் கண்டதில்லை. பின்னர் 'மங்கா தொஷோக்கான் இஸட்' என்று பெயர் மாறி வளர்ந்த அந்தப் பொது நூலகம், 2024 நவம்பர் 26ஆம் தேதி மூடியது. கரையான் அரிக்கவில்லை, வெள்ளம் புகவில்லை, வாசகர் குறைந்ததாகவும் சொல்லப்படவில்லை. அட்டை மூலம் பணம் வசூலித்துக் கொடுக்கும் இடைநிறுவனம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது, அவ்வளவுதான். புத்தகத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மூன்றாம் மனிதர் ஒரு நூலகத்தின் கதவைச் சாத்த முடியும் என்பது கடதாசிக் காலத்தில் கேள்விப்படாத செய்தி.

அழிவது மட்டுமன்று, மாறுவதும் உண்டு. முன்பு சொன்ன 'லுக் பேக்' கதையிலே, ஒரு வன்செயல் புரிபவனைச் சித்திரித்த விதம் மனநோயாளிகளைப் பற்றிய தவறான எண்ணத்தை வளர்க்கும் என்று வாசகர் சிலர் கண்டித்தார்கள். வெளியான இரண்டு வாரங்களுக்குள், ஆகஸ்ட் 2ஆம் தேதி, அந்தப் பகுதியின் வசனங்கள் செயலியிலேயே மாற்றப்பட்டன. செப்டம்பரில் தொகுதியாக அச்சானபோது மறுபடியும் திருத்தப்பட்டன. திருத்தியது சரியா என்பது வேறு விவாதம். மாற்றம் அறிவிக்கப்பட்டே செய்யப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரு கோடைக்காலத்தில் மூன்று பாடங்கள் தோன்றி, அவற்றுள் கடைசியானது மட்டுமே கையால் தொடக்கூடிய பொருளாக நிற்கிறது. நாளை இலக்கிய ஆராய்ச்சி செய்பவர், ஜூலையில் லட்சக்கணக்கானோர் படித்து உருகிய அந்த முதல் பாடத்தை எங்கே தேடுவார்?

தேட வேண்டிய இடங்களை ஜப்பான் கட்டாமல் இல்லை. கியோத்தோவில், முன்னாள் ஆரம்பப் பள்ளி ஒன்றின் மரத்தளம் பதித்த கட்டிடத்தில், 2006 முதல் இயங்கும் சர்வதேச மங்கா அருங்காட்சியகம், சுமார் 3 லட்சம் பிரசுரங்களையும் பொருள்களையும் காத்து வைத்திருக்கிறது. அவற்றுள் 50,000 தொகுதிகள் தாழ்வார நெடுகிலும் சுவரலமாரிகளில் அடுக்கப்பட்டு, வந்தவர் எவரும் எடுத்துப்போய் முன்னாலுள்ள புல்தரையில் சாய்ந்து படிக்கலாம். நுழைவுக் கட்டணம் கொடுத்த சிறுவன் அங்கே எழுபதுகளின் தொகுதி ஒன்றைப் புரட்டுவதற்கு எந்த நிறுவனத்தின் அநுமதியும் வேண்டியதில்லை. தேசிய நாடாளுமன்ற நூலகமும், 2023 ஜனவரி முதல், தனியார் விலைக்கு வெளியிடும் மின்னூல்களையும் சேகரிக்கும் முறையை, சில விலக்குகளோடு, நடைமுறைப்படுத்தியிருக்கிறது. நல்ல ஆரம்பம், ஆனால் விலக்குகளைக் குறைத்து, செயலியில் மட்டும் தோன்றி மறையும் அத்தியாயங்களையும் அதன் வரம்புக்குள் கொண்டுவராதவரை, சேகரிப்பின் வலையில் பெரிய மீன்கள் தப்பிக்கொண்டே இருக்கும்.

கடதாசியும் சாசுவதம் அல்லவே, அதுவும் அச்சிலிருந்து மறையவில்லையா என்று கேட்கலாம். டோக்கியோவின் குறுகிய அடுக்குமாடி அறைகளில், நூறு தொகுதிகளை அடுக்கவே இடமில்லாத வாசகர் தாமாகவே திரையை நாடினார், எவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை என்றும் சொல்லலாம். இரண்டும் நியாயமான ஆட்சேபங்களே. ஆனால் அச்சிலிருந்து மறைந்த தொகுதி, கண்டா பகுதியின் பழைய புத்தகக் கடையிலோ, ஒருவருடைய பரணிலோ எங்கேனும் கிடக்கும். பதிப்பகமே திவாலானாலும் விற்கப்பட்ட பிரதி விற்கப்பட்டதுதான். இடமின்மையால் திரைக்கு வந்தவர், அலமாரியைத்தான் விட்டுக்கொடுத்தார். தம் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எவரிடமும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்திருந்தாலும் அது எவரும் படிக்காத நிபந்தனைப் பட்டியலின் நாற்பதாவது வரியில்தான் இருக்கும்.

ஆகவே பதிப்பகங்களிடம் நான் கேட்பது மிகையானதன்று. தொகுதியென்று விலை பெற்று விற்றதை, வாசகர் தம் கருவியிலே இறக்கி வைத்துக்கொள்ளும் வடிவில் தரலாம்; தருவது இயலாதென்றால், கடை மூடும்போது வேறு கடைக்கு மாற்றிக் கொடுப்பதை அல்லது பணத்தைத் திருப்புவதை ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்கலாம். ஆண்டுக்கு 50,000 கோடி யெனுக்கு மேல் திரை வழியே ஈட்டும் தொழிலுக்கு, ஒரு மளிகைக் கடைத் தொடர் செய்த நேர்மை எட்டாத செலவாக இருக்க முடியாது. நகலெடுக்கப்படும் என்ற அச்சத்தைச் சொல்வார்கள். இறக்க முடியாத தளங்களிலிருந்தும் இன்று திருட்டுப் பிரதிகள் எடுக்கப்படுகின்றன என்பதை அவர்கள் நம்மைவிட நன்கு அறிவார்கள்.

இதில் தாமதம் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அமோகமாக விற்கும் கதைகள் கடதாசியிலும் தொடர்ந்து வரும். அவற்றைப் பற்றிக் கவலையில்லை. சுமாராக விற்கும் கதைகளின் நிலைதான் வேறு. முதல் இரண்டு மூன்று தொகுதிகள் அச்சில் வந்து, விற்பனை போதவில்லையென்றால், மிச்சத் தொகுதிகள் மின்வடிவில் மட்டுமே வெளியாகும் வழக்கம் ஜப்பானில் இப்போது சாதாரணமாகிவிட்டது. பெரும் புகழ் பெறாத அந்தக் கதையை உண்மையாகவே நேசித்த சில ஆயிரம் பேர்தாம் அந்தக் கடைசித் தொகுதிகளை வாங்குகிறார்கள். அலமாரியில் மூன்றாவதோடு நின்றுபோன வரிசையின் நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் அவர்கள் தருகிற விலை, முதல் மூன்றுக்குத் தந்ததைவிடப் பெரிதாகக் குறைந்ததன்று. ஓவியர் அதற்காக உழைத்த இரவுகளும் குறைந்தவை அல்ல.